போன் செருகும் விஆர் பெட்டி: கைக்கு வேண்டாம், கழுத்துக்கும் தலைசுற்றலுக்கும் வாங்கலாம்

கேள்வி: சிறிய ஊரில் சொந்தமாக பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் பக்கவாதத்துக்குப் பிறகு கை வராமல் இருப்பவர்கள். மீதிப் பேர் கழுத்து, இடுப்பு, மூட்டு வலிக்காரர்கள். போனைச் செருகித் தலையில் மாட்டும் விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி, காட்சிக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும்) பெட்டி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. தனி ஹெட்செட் வாங்க இப்போது வசதி இல்லை. இந்தப் பெட்டி கைப்பயிற்சிக்கு உதவுமா? வேறு எதற்காவது உதவுமா?

பதில்:

கைப்பயிற்சிக்கு என்று நினைத்து வாங்காதீர்கள். கழுத்து வலிக்கும், ஒரு சில வகைத் தலைசுற்றலுக்கும், வலிக்கிற சிகிச்சையின் நடுவே நோயாளியின் கவனத்தைத் திருப்புவதற்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்கு அந்தப் பெட்டி வேலை செய்யும் விதம்தான் காரணம். அது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

பெட்டிக்குள் மின்னணுச் சமாச்சாரம் எதுவுமே கிடையாது. இரண்டு குவிலென்ஸ், நடுவில் ஒரு தடுப்பு, முகத்தில் பதிய ஒரு பஞ்சு, தலையைச் சுற்றி ஒரு பட்டை, அவ்வளவுதான். வேலை முழுவதையும் போன் செய்கிறது. திரையை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படத்தைக் காட்டுகிறது. நோயாளி தலையைத் திருப்பும்போது எத்தனை டிகிரி திரும்பினார் என்பதை உள்ளே இருக்கும் கைரோஸ்கோப் உணர்ந்து, அதற்கு ஈடாகப் படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. தலையை இடவலமாகத் திருப்புவது, மேலும் கீழும் அசைப்பது, தோள் பக்கம் சாய்ப்பது ஆகிய மூன்று அசைவும் போனுக்குத் தெரியும். முன்னால் குனிந்து எட்டிப் பார்த்தாலோ, எழுந்து நின்றாலோ, ஓர் அடி எடுத்து வைத்தாலோ தெரியாது. கை எங்கே இருக்கிறது என்பது அறவே தெரியாது. குவெஸ்ட் போன்ற, போன் இல்லாமல் தாமே இயங்கும் தனி ஹெட்செட்டுகளின் வெளிப்புறத்தில் கேமராக்கள் இருப்பது இந்தக் குறைக்காகத்தான். அவை அறையையும் விரல்களையும் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

ஆக, தலையின் அசைவே சிகிச்சையாக இருக்கும் இடத்தில் போன் பெட்டி பொருந்தும். கையோ காலோ அசைய வேண்டிய இடத்தில் பொருந்தாது. போனின் பின்பக்கக் கேமராவை வைத்துக் கையைப் பின்தொடர்வதாகச் சொல்லும் சில ஆப்கள் உண்டு. பல பெட்டிகளின் முன்மூடி அந்தக் கேமராவையே மறைத்துவிடும். மறைக்காவிட்டாலும் வெளிச்சம் சற்றுக் குறைந்தால் திரையில் தெரியும் கை குதிக்கும், நடுங்கும். ஏற்கெனவே தன் கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்ற வேதனையில் இருப்பவருக்கு அதைக் காட்டுவதில் என்ன பயன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையை நன்றாகவே பின்தொடரும் கருவிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில்கூட முடிவு நாம் எதிர்பார்ப்பதுபோல் இல்லை. 2016-ல் லான்செட் நியூராலஜி இதழில் எவரெஸ்ட் என்ற ஆய்வு வெளியானது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில், பக்கவாதம் வந்து அதிக நாள் ஆகாத 141 பேர். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் ஒரு குழு, கையை அசைத்து ஆடும் வீடியோ விளையாட்டுக் கருவியான நின்டெண்டோ வீ விளையாடியது. மறு குழு சீட்டாடியது, பிங்கோ ஆடியது, மரக்கட்டைகளை அடுக்கி ஒவ்வொன்றாக உருவும் ஜெங்கா ஆடியது. இரண்டு வாரம், தலா ஒரு மணி நேரமாகப் பத்து அமர்வுகள். கடைசியில் இரு குழுவின் கைகளும் தேறியிருந்தன. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சீட்டுக்கட்டின் விலையை நினைத்துப் பாருங்கள்.

பக்கவாத மறுவாழ்வில் விஆர் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட தொகுப்பு 72 ஆய்வுகளையும் 2,470 நோயாளிகளையும் அலசியது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக அதே அளவு நேரம் விஆர் கொடுத்தால், கையின் செயல்பாட்டில் கூடுதல் பலன் இல்லை. வழக்கமான பயிற்சியோடு விஆரையும் சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரம் கூடினால் பலன் தெரிகிறது. ஒரு நாளில் கை எத்தனை தடவை ஒரு வேலையைச் செய்கிறது என்பதுதான் முக்கியம் என்று நாம் படித்ததையே இது வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. கண்ணை மறைத்துக்கொண்டு, கை எங்கே என்று தெரியாத ஒரு கருவிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த எண்ணிக்கை குறையுமே தவிர கூடாது.

கைக்காகச் செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் அதே பணத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்குங்கள். தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1990-களில் செய்த கண்ணாடிப் பெட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும். துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும் அது வலிப்பதாகவும் உணர்பவர்களுக்கு, இருக்கிற கையின் பிம்பத்தைக் காட்டி இல்லாத கை அசைவதுபோல் மூளையை நம்பவைக்கும் எளிய ஏற்பாடு அது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. கண்ணாடிச் சிகிச்சைக்கு இன்று நல்ல ஆதாரம் சேர்ந்திருக்கிறது. அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை, அப்டேட்டும் கேட்காது.

இனி வாங்கலாம் என்று சொன்ன பக்கம் வருவோம்.

கழுத்துதான் இந்தப் பெட்டிக்கென்றே பிறந்த உறுப்பு. போனுக்குத் தெரிந்த மூன்று அசைவுகளும் கழுத்தின் அசைவுகளே. இஸ்ரேலைச் சேர்ந்த ஹில்லா சரிக் பஹத் என்ற பிசியோதெரபிஸ்ட் 2000-களின் இறுதியிலிருந்தே விஆர் வைத்துக் கழுத்தை அளந்துவருகிறார். ஒரு நோயாளியிடம் ‘முடிந்தவரை திரும்புங்கள்’ என்று சொல்லி அளப்பதும், பறந்து போகும் ஒன்றைப் பின்தொடர வைத்து அளப்பதும் வேறு வேறு விஷயங்கள். சொல்லித் திரும்பச் சொன்னால் வலி எங்கே வரும் என்று எதிர்பார்த்தபடியே திரும்புவார். இலக்கு கொடுத்துவிட்டால் கவனம் அதன் மேல் போய்விடும். எத்தனை டிகிரி திரும்பினார் என்பதோடு எவ்வளவு வேகமாகத் திரும்பினார், தடங்கல் இல்லாமல் திரும்பினாரா என்பதும் தெரியவரும். நாள்பட்ட கழுத்து வலியில் கோணம் ஓரளவு சரியாக இருந்தும் வேகம் குறைந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்து அதைப் பிடிக்கவே முடியாது.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. டேனியல் ஹார்வி, லோரிமர் மோஸ்லி குழுவினர் 2015-ல் வெளியிட்டது. கழுத்து வலி உள்ள 24 பேரை நாற்காலியில் உட்காரவைத்து, விஆர் மாட்டி, வலி தொடங்கும் வரை தலையைத் திருப்பச் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரியாமல் படம் நகரும் அளவை மாற்றினார்கள். உண்மையில் திரும்பியதைவிடக் குறைவாகத் திரும்பியதுபோல் காட்டியபோது, வலி இல்லாமல் திரும்பிய தூரம் சுமார் 6 சதவீதம் கூடியது. அதிகமாகத் திரும்பியதுபோல் காட்டியபோது சுமார் 7 சதவீதம் குறைந்தது. தசையும் மூட்டும் அதேதான். கண்ணுக்குக் கிடைத்த தகவல் மட்டும் மாறியது, வலி தொடங்கும் இடமும் மாறியது. நாள்பட்ட வலியில் பாதுகாப்பு உணர்வுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று நோயாளிக்குப் புரியவைக்க எனக்கு இதைவிட நல்ல கதை கிடைத்ததில்லை. எதுவும் மாட்டாமல் வாயால் சொன்னாலே பலருக்குக் கழுத்தின் விறைப்பு கொஞ்சம் விடும்.

கிளினிக்கில் செய்யும்போது, கைப்பிடி உள்ள, சுழலாத நாற்காலியில் உட்காரவையுங்கள். சுழலும் நாற்காலி என்றால் கழுத்து சும்மா இருக்கும், இடுப்பு திரும்பிவிடும். தோள் திரும்பாமல் உங்கள் கையை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வையின் நடுவில் ஒரு புள்ளி தெரியும். அதை இலக்கின் மேல் வைத்து ஓரிரு நொடி நிறுத்தினால் இலக்கு மறையும் வகை விளையாட்டுகள் போதும், ரிமோட் எதுவும் தேவையில்லை. எவ்வளவு தூரத்தில் இலக்கு வருகிறது என்பதை நீங்கள் கூட்டிக் குறைக்க முடிகிற ஆப்பாகப் பாருங்கள். இலக்குகள் எல்லாம் நேர் எதிரே வந்துகொண்டிருந்தால் அது பொழுதுபோக்கு மட்டுமே. ஒன்றை மறக்காதீர்கள்: தலையில் மாட்டிய போனும் பெட்டியும் சேர்ந்து அரைக்கிலோ வரை வரும், எடை முழுவதும் முகத்துக்கு முன்னால் தொங்கும். கழுத்து வலிக்காரருக்கு அதுவே சுமை. ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுங்கள்.

தலைசுற்றலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பலன் அதிகம் உள்ள இடமும் அதுதான், தவறாகப் பயன்படுத்த அதிக வாய்ப்பு உள்ள இடமும் அதுதான்.

முதலில் எந்தத் தலைசுற்றல் என்று பிரியுங்கள். படுக்கையில் புரளும்போது சில நொடி உலகமே சுழன்று நிற்கிறது என்றால் காதுக்குள் துகள் இடம் மாறிய பிரச்சினை. டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்து பார்த்து, துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் எப்லி முறையைச் செய்யுங்கள். அதற்கு விஆர் பெட்டியைத் தொடவே வேண்டாம். திடீரென வந்த தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடக்கவே முடியாத தள்ளாட்டம் இருந்தால் உங்கள் வாசலில் நிற்க வேண்டிய ஆளே இல்லை அவர். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

மிச்சம் இருப்பவர்களில் இரண்டு வகையினர் நமக்கு வேண்டியவர்கள். ஒரு பக்கக் காதின் சமநிலை உறுப்பு பழுதானவர்கள் முதல் வகை. இத்தாலியில் மிகாரெல்லி என்பவரின் குழு 2017-ல் இப்படிப்பட்ட 47 பேரை வைத்துச் செய்த ஆய்வு நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அவர்கள் பயன்படுத்தியதும் போன் செருகும் பெட்டிதான். ஒரு குழுவுக்கு வழக்கமான பயிற்சி மட்டும். மறு குழுவுக்கு அதோடு சேர்த்து, வீட்டில் பெட்டியை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தே ஓட்டும் பந்தயக் கார் விளையாட்டு. விளையாடியவர்களுக்கு, தலை அசையும்போது பார்வையை நிலையாக வைத்திருக்கும் கண்-காது அனிச்சைச் செயல் கூடுதலாகத் தேறியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் கையைப் பின்தொடரத் தெரியாத ஒரு மலிவுக் கருவி தன் எல்லைக்குள் நின்று உருப்படியாக வேலை செய்ததற்கு அது நல்ல உதாரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஓர் எழுத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு தலையை வேகமாக இடவலம் ஆட்டும் பயிற்சியை நாம் எல்லோருக்கும் கொடுப்போம். அதைப் பெட்டிக்குள் செய்யவைக்காதீர்கள். தலை அசைந்ததற்கும் திரையில் படம் நகர்வதற்கும் இடையே தாமதம் 20 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். சாதாரணப் போன்களில் அதைவிட அதிகம். தலை மெதுவாகச் சாயும்போது இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. வேகமாக ஆட்டும்போது எழுத்து வழுக்கிக்கொண்டு போகும். கண் எதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதையே மூளை தப்பாகக் கற்கும். அந்தப் பயிற்சிக்குச் சுவரில் ஒட்டிய ஒரு காகிதத்தை மிஞ்ச எதுவும் இல்லை.

இரண்டாவது வகையினர் கூட்டத்தைக் கண்டால் தள்ளாடுபவர்கள். காது சரியாகியிருக்கும், ஸ்கேனில் எதுவும் இருக்காது. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு பக்கமும் அலமாரி இருக்கும் நடைபாதைக்குள் நுழைந்தால் தரை மிதக்கும். ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்க்க முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடிப்பதைத் தனி நோயாக வரையறுத்து, தலைசுற்றல் ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான பாராணி சொசைட்டி 2017-ல் அளவுகோல்களை வெளியிட்டது. பிபிபிடி என்று சுருக்கிச் சொல்கிறோம். இவர்களில் பலர் டாக்டர் மாற்றி டாக்டர் போய், ‘உனக்கு ஒன்றுமில்லை, மனசுதான்’ என்று கேட்டுக் கேட்டு நொந்தவர்கள். வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருப்பார்கள். எந்தக் காட்சி தொந்தரவு தருகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிப் பழக்குவதுதான் சிகிச்சையின் ஒரு முக்கியப் பகுதி. தி.நகர் ரங்கநாதன் தெருவைக் கிளினிக்குக்குள் கொண்டுவர முடியாது. போன் பெட்டிக்குள் கொண்டுவர முடியும்.

இதற்கு வெளிநாட்டு ஆப் தேடி அலையாதீர்கள். நம் ஊர்ப் பெரியம்மாவுக்கு நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது? 360 டிகிரி கேமரா ஒன்றை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்து, நோயாளிகள் பயப்படும் இடங்களையே படம் பிடியுங்கள். கேமராவைக் கண் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆடாமல் அசையாமல், நடமாட்டம் குறைவான காலை நேரம், கொஞ்சம் கூட்டம் உள்ள மதிய நேரம், மாலை நெரிசல் என்று ஒரே இடத்தை மூன்று தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்ட், மளிகைக் கடை, கோயில் பிராகாரம், மாடிப்படி. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடி எடுத்த படம் முதல் கட்டத்துக்கு ஆகாது. உடம்பு உட்கார்ந்திருக்க, கண் மட்டும் நடந்தால் நல்ல ஆளுக்கே குமட்டும். அதைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வு இப்படிப் போகும். காலை ஊன்றி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மாட்டுவதற்கு முன் இப்போது தலை எப்படி இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறீர்கள். இரண்டு என்கிறார். ஆள் நடமாட்டமில்லாத காலைக் கடைத்தெருப் படம் ஓடுகிறது. நேரே பார்க்கச் சொல்கிறீர்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல்களைக் கவனியுங்கள். வாயில் ஒன்றும் சொல்லாமல் இருப்பவரின் விரல் மூட்டு வெளுக்கும், மூச்சு மேலேறும். அரை நிமிடத்தில் எண் கேட்டால் நான்கு என்பார். மெதுவாக இடப்பக்கக் கடையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து. கழற்றிவிடுங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, எண் மறுபடி இரண்டுக்கு இறங்கும் வரை காத்திருங்கள். இறங்க ஐந்து நிமிடம் ஆனால் கொடுத்த அளவு சரி. கால் மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் அளவு மிஞ்சிவிட்டது, அடுத்த முறை குறையுங்கள். தொந்தரவு கொஞ்சமும் ஏறாமல் இருந்தால் பழகுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அடுத்த படத்துக்குப் போகலாம். உட்கார்ந்து பழகியதை, பிறகு நின்று, சுவரோரமாக, நீங்கள் பக்கத்தில் நிற்க. கடைசியில் உண்மையான கடைத்தெருவில் அவரோடு நடக்க வேண்டும். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் பெட்டிக்குள் மட்டும் தைரியசாலியாக ஒருவரை உருவாக்கியிருப்போம்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். லண்டனில் மரூசா பாவ்லூ குழுவினர், காட்சி அசைவால் தலைசுற்றுபவர்களுக்குச் சுழலும் காட்சிகளை டிவிடியில் போட்டுக் கொடுத்த ஆய்வு ஒன்று உண்டு. பெரிய சுழலும் கருவிக்கும் அந்த டிவிடிக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் யாரும் உடன் இல்லாமல் வீட்டில் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே தொந்தரவை வரவழைக்கும் சிகிச்சை இது. பக்கத்தில் ஒருவர் இருந்து, இது வரத்தான் செய்யும், இறங்கிவிடும் என்று சொன்னால்தான் நோயாளி நிற்பார். முதல் சில அமர்வுகள் உங்கள் எதிரிலேயே நடக்கட்டும்.

மூன்றாவது, வலியும் பயமும். விஆர் மருத்துவத்துக்குள் வந்ததே ஏறக்குறைய இந்த வாசல் வழியாகத்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹன்டர் ஹாஃப்மேன், டேவிட் பேட்டர்சன் இருவரும் 1990-களில் தீக்காய நோயாளிகளுக்காக ஸ்நோவேர்ல்ட் என்ற பனி உலகத்தை உருவாக்கினார்கள். புண்ணைச் சுத்தம் செய்யும்போதும் விறைத்த மூட்டை நீட்டும்போதும் நோயாளி பனிப்பள்ளத்தாக்கில் மிதந்தபடி பென்குவின்கள் மேல் பனிப்பந்து எறிவார். வலிக்குச் செல்லும் கவனத்தைக் காட்சி பிடுங்கிக்கொள்வதுதான் தத்துவம். அந்தக் காலத்துக் கருவிகள் லட்சக்கணக்கில் விலை. பிறகு லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில் பிரென்னன் ஸ்பீகல் குழுவினர் போன் செருகும் சாம்சங் கியர் விஆரையே எடுத்துக்கொண்டார்கள். 2017-ல் வந்த ஆய்வில் 50 பேருக்கு, தலையைத் திருப்பிக் குறிபார்த்துப் பந்து எறியும் 15 நிமிட விளையாட்டு. இன்னொரு 50 பேருக்குப் பக்கத்துத் திரையில் இயற்கைக் காட்சி வீடியோ. வலி மதிப்பெண் முதல் குழுவில் 5.4-லிருந்து 4.1-க்கும், இரண்டாம் குழுவில் 5.4-லிருந்து 4.8-க்கும் இறங்கியது. 2019-ல் குலுக்கல் முறையில் பிரித்து 120 பேரிடம் செய்தபோதும் விஆரே முன்னால் நின்றது. கடும் வலி உள்ளவர்களுக்குத்தான் பலன் அதிகம். இங்கேயும் பாருங்கள், ஆட்டம் நடப்பது தலையால்தான்.

உங்களுக்கு இது எங்கே பயன்படும்? முழங்கால் அறுவைக்குப் பிறகு மடக்கவே பயப்படுபவர், விறைத்த தோளை நீங்கள் பிடித்து நீட்டும்போது உடம்பையே இறுக்கிக்கொள்பவர், தீக்காயத் தழும்பு இழுத்துப் பிடித்த முழங்கையோடு வருபவர். நோயாளி படுத்தபடி தலையை மட்டும் அசைத்து விளையாடட்டும். மூட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வலி உங்களுக்குக் கிடைக்கும் தகவலும்கூட. அவர் முகம் பெட்டிக்குள் மறைந்திருக்கும்போது எங்கே நிறுத்துவது என்று சொல்லும் அடையாளம் உங்களுக்கு இல்லாமல் போகும். எவ்வளவு தூரம் மடக்குவது என்பதை மாட்டுவதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள், பெட்டிக்குள் அவர் சத்தம் போடவில்லை என்பதற்காக அதைத் தாண்டாதீர்கள்.

பக்கவாதத்தில் ஒரே ஒரு இடத்தில் இந்தப் பெட்டி கைகொடுக்கலாம். மூளையின் வலப்பக்கம் அடிபட்டு, உலகத்தின் இடப்பாதியையே கவனிக்காமல் விடுபவர்கள், தட்டில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுபவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இடப்பக்கம் தலையைத் திருப்பித் தேடும் பயிற்சி. தலை எவ்வளவு திரும்பியது என்பது எண்ணாகவே கிடைக்கும். இதற்கு ஆதாரம் இன்னும் மெலிதுதான், முயன்று பார்க்கலாம் என்ற அளவில் வையுங்கள்.

யாருக்கு மாட்டக்கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் வேண்டாம். மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்துவைத்திருப்பவர்கள் வேண்டவே வேண்டாம். பட்டை அழுத்தும் இடம் நேராக அதன் மேல். கழுத்தெலும்பு நிலையில்லாதவர்கள், முடக்குவாதத்தில் மேல் கழுத்து தளர்ந்தவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் கண் அறுவை செய்தவர்கள், கண் சிவந்து வருபவர்கள், முகத்தில் புண் உள்ளவர்கள், இவர்களும் வேண்டாம். குழப்பத்தில் இருக்கும் முதியவருக்கு மாட்டினால் பீதியடைவார். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 13 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறார்கள். சிலர் வரம்பைக் குறைத்திருக்கிறார்கள். சிறுவர்களின் கண்களுக்கு இடையேயான தூரத்துக்கு இந்த லென்ஸ்கள் பொருந்துவதும் இல்லை. இதய பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் பெட்டியில் காந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுளின் அட்டை விஆர் பெட்டியான கார்ட்போர்டின் ஆரம்பகால வகையில் அது இருந்தது. போன், பெட்டி இரண்டையும் அவர் நெஞ்சுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். முடிந்ததும் உடனே எழுந்து நடக்க விடாதீர்கள். ஐந்து பத்து நிமிடம் உட்காரவையுங்கள். அன்றைக்குத் தானே பைக் ஓட்டிக்கொண்டு போக வேண்டியவராக இருந்தால் அமர்வை வேறொரு நாளுக்குத் தள்ளலாம்.

வாங்குவது பற்றி. பெட்டியைவிடப் போன்தான் முக்கியம். மலிவுப் போன்கள் பலவற்றில் உண்மையான கைரோஸ்கோப் கிடையாது. சென்சார்களைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ‘விர்ச்சுவல்’ என்று காட்டினால் அந்தப் போன் இதற்கு உதவாது, படம் தயங்கித் தயங்கித் திரும்பும். முழு எச்டி திரையாக இருந்தாலும் அதைப் பாதியாக்கி லென்ஸால் பெருக்கும்போது எழுத்து மங்கும். படிக்கவேண்டிய எதையும் உள்ளே வைக்காதீர்கள். பெட்டியில் லென்ஸ்களுக்கு இடையேயான தூரத்தை மாற்றும் வசதி கட்டாயம் இருக்கட்டும். பெரியவர்களுக்குக் கருவிழிகளின் இடைவெளி சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் அது மாறும். அது பொருந்தாவிட்டால் வரும் தலைவலியை சிகிச்சையின் விளைவு என்று நினைத்துக்கொள்வீர்கள். கண்ணாடி போட்டவர் கண்ணாடியோடு மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். ரங்கநாதன் தெரு நடுவே லோன் வேண்டுமா என்று ஒரு போன் அழைப்பு வந்தால் நோயாளிக்குத் தூக்கிவாரிப் போடும். கால் மணி நேரத்தில் போன் சூடாகும். சூடானதும் படம் தடுமாறும், குமட்டல் வரும். கைரோஸ்கோப் நேரம் போகப் போகக் கொஞ்சம் விலகும், அதனால் ஒவ்வொரு முறையும் மாட்டியதும் நேர்ப்பார்வையை மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். இரும்புக் கட்டில் பக்கத்தில் போனின் திசைகாட்டி ஏமாறுவதால் விலகல் இன்னும் கூடும்.

ஆப்களை நம்பி இருக்காதீர்கள். கூகுள் 2014-ல் கார்ட்போர்டு அட்டைப்பெட்டியை அறிமுகப்படுத்திய காலத்தில் இருந்த உற்சாகம் இப்போது இல்லை. கூகுளின் இன்னொரு போன் விஆர் முயற்சியான டேட்ரீம் 2019-ல் நின்றது, சாம்சங் 2020-ல் கியர் விஆர் சேவைகளை மூடியது, கார்ட்போர்டு விற்பனையைக் கூகுளே 2021-ல் நிறுத்தியது. கார்ட்போர்டின் நிரல் 2019-லேயே பொதுவில் திறந்துவிடப்பட்டதால் முற்றிலும் சாகவில்லை. ஆனால் இன்று இருக்கும் ஆப் புதிய ஆண்ட்ராய்டு வந்ததும் ஓடாமல் போகலாம். நீங்களே எடுத்த 360 டிகிரி வீடியோக்கள் போனின் நினைவகத்தில் இருந்தால் எந்தப் ப்ளேயரிலும் ஓடும், நெட் இல்லாத ஊரிலும் ஓடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். பையில் அடங்கும், ஆனால் எதிரே ஆள் இல்லாமல் யாருக்கும் மாட்டிவிட்டு வராதீர்கள்.

முகப்பஞ்சின் மேல் கழுவக்கூடிய ரெக்ஸின் உறை தைத்துவிடுங்கள். நம் வெயிலில் வெறும் பஞ்சு வியர்வையைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவருக்கும் பிறகு ஆல்கஹால் துணியால் உறையைத் துடையுங்கள், லென்ஸில் ஆல்கஹால் படாமல் உலர்ந்த மென்துணி. முடிந்தால் ஆளுக்கொரு காகித முகமூடி.

கட்டண விஷயத்தில் என் அபிப்பிராயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘விஆர் தெரபி பேக்கேஜ்’ என்று பலகை மாட்டி, வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஒரு தொகை வாங்கும் இடங்கள் முளைத்திருக்கின்றன. ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கினால், அடுத்த வாரமே நோயாளியின் பேரன் அதே பெட்டியை ஆன்லைனில் காட்டுவான். வழக்கமான அமர்வுக்குள்ளேயே ஐந்து பத்து நிமிடமாக வையுங்கள். உங்களிடம் பாதிப் பேர் பக்கவாதக்காரர்கள் என்றீர்கள். அவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு எனக்கும் மாட்டுங்கள் என்று கேட்பார்கள், குடும்பத்தாரும் வற்புறுத்துவார்கள். வலிப்பு, மண்டையோட்டு அறுவை இல்லாதவராக இருந்தால் பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு இரண்டு நிமிடம் கடற்கரை காட்டுங்கள். கைக்கான நேரத்திலிருந்து அதை எடுக்காதீர்கள்.